நுண்பாசி அறுவடை: சவ்வா, சென்ட்ரிஃபியூஜா, படிகாரமா?

ஒரு கிலோ உலர்ந்த நுண்பாசி கைக்கு வர ஏறத்தாழ 2000 லிட்டர் நீரைக் கையாள வேண்டியிருக்கிறது. திறந்தவெளிக் குளங்களில் பாசியின் செறிவு லிட்டருக்கு அரை கிராம் அளவிலேயே நிற்பதுதான் இதற்குக் காரணம். மூடிய குழாய்களில் வளர்த்தாலும் அது லிட்டருக்குச் சில கிராம்களைத் தாண்டுவது அரிது. பாசி வளர்ப்பில் இறங்குவோர் எந்த இனம், எவ்வளவு வெளிச்சம், எந்த உரம் என்று மாதக்கணக்கில் யோசித்துவிட்டு, அறுவடையை மட்டும் கடைசி நேரத்தில் இயந்திர விற்பனையாளரின் பொறுப்பில் விட்டுவிடுவதைப் பார்க்கிறோம். உற்பத்திச் செலவில் 20 முதல் 30 விழுக்காடு வரை அறுவடைக்கே போகக்கூடும் என்பது இத்துறையில் நெடுநாளாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கு. அப்படியிருக்க, இது கடைசியில் எடுக்கக்கூடிய முடிவு அன்று.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, ஓர் அளவை வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 100 கன மீட்டர் வளர்ப்பு நீரை அறுவடை செய்யும் நடுத்தரப் பண்ணை. செறிவு லிட்டருக்கு 0.5 கிராம். இதிலிருந்து கிடைப்பது 50 கிலோ உலர் பாசி. அதை 20 விழுக்காடு திடப்பொருள் உள்ள கூழாக எடுத்தால் மொத்தம் 250 கிலோ. எஞ்சிய 99,750 லிட்டர் நீரை எப்படிப் பிரிப்பது, பிரித்த நீரை என்ன செய்வது என்பதே நம் முன்னுள்ள கேள்வி. இதில் இரண்டாவது பாதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மிக நுண்ணிய துளைகள் வழியே நீரை மட்டும் விடும் சவ்வு வடிகட்டலின் உண்மையான மதிப்பு அது பிடித்துவைக்கும் பாசியில் மட்டும் இல்லை, அது திருப்பிக் கொடுக்கும் நீரிலும் இருக்கிறது என்பதே என் கருத்து. ஆனால் அந்தச் சவ்வைக் கூழ் வரை இழுத்துச் செல்ல முயல்வது பெரும்பாலும் வீண்செலவு.

முதலில் இனத்தைப் பார்க்க வேண்டும்

எல்லா நுண்பாசிக்கும் ஒரே விடை கிடையாது. ஸ்பைருலினாவின் இழைகள் நூறு மைக்ரானுக்கு மேல் நீளமானவை. ஆகவே முப்பது, நாற்பது மைக்ரான் கண்ணுள்ள துணியோ சல்லடையோ அதற்குப் போதும். ஆப்பிரிக்காவின் சாட் ஏரிக்கரையில் கனெம்பு இனப் பெண்கள் தலைமுறைகளாக அதைக் கூடையாலும் துணியாலும் அள்ளி மணலில் காயவைத்து வருகிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்து ஊனையூரிலும் ஆரோவில்லிலும் ஸ்பைருலினா வளர்க்கிறார்கள். இத்தகைய பண்ணைகளுக்குச் சவ்வுத் தொகுதியை விற்க வருபவரிடம் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

டுனாலியெல்லா சலினா இதற்கு நேர்மாறானது. அதற்குக் கெட்டியான செல் சுவர் இல்லை. பம்பின் வேகத்திலோ குழாய் வளைவிலோ செல் கிழிந்தால், எதற்காக அதை வளர்த்தோமோ அந்த பீட்டா கரோட்டின் நீரோடு போய்விடும். இந்த இனத்துக்கு எந்தக் கருவி என்பதைவிட, அந்தக் கருவிக்கு நீரை எந்தப் பம்பு தள்ளுகிறது என்பதே முக்கியம்.

உண்மையான போட்டி குளோரெல்லா, நானோகுளோராப்சிஸ் போன்ற சிறிய உருண்டைச் செல்களில்தான் தொடங்குகிறது. குளோரெல்லா 2 முதல் 10 மைக்ரான். நானோகுளோராப்சிஸ் 2 முதல் 4 மைக்ரான். துணி இவற்றைப் பிடிக்காது. இவற்றின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிக நெருங்கியது; புறப்பரப்பில் எதிர் மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கின்றன. நீரைவிட 5 விழுக்காடு அடர்த்தி கூடிய, 5 மைக்ரான் விட்டமுள்ள செல் ஒன்று அசையாத நீரில் எவ்வளவு வேகமாக இறங்கும் என்று ஸ்டோக்ஸ் விதிப்படி கணக்கிட்டால், மணிக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் என்று வருகிறது. ஒரு மீட்டர் ஆழத் தொட்டியில் அது அடியைத் தொட இரண்டு வாரம் ஆகும். அதற்குள் செல்லே அழுகத் தொடங்கிவிடும். இனி வரும் ஒப்பீடு முழுவதும் இந்தச் சிறிய செல்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது.

சென்ட்ரிஃபியூஜ்: நல்ல கருவி, தவறான இடம்

பாலை வேகமாகச் சுழற்றிக் கிரீம் பிரிக்கும் தட்டடுக்கு இயந்திரத்தின் அதே வகைதான் இங்கும் பயன்படுகிறது. வேதிப்பொருள் எதுவும் சேர்க்க வேண்டாம்; எந்த இனத்தையும் பெரும்பாலும் பிடித்துவிடும்; ஒரே படியில் கெட்டியான கூழ் கிடைக்கும்; பரப்பளவும் குறைவு. உணவுக்கும் மருந்துக்கும் பாசி தயாரிப்பவர்கள் இதை விரும்புவதில் வியப்பில்லை.

சிக்கல் மின்சாரத்தில் இருக்கிறது. ஒரு கன மீட்டர் நீருக்கு 8 யூனிட் என்பது ஆய்வுக் கட்டுரைகளில் பரவலாக எடுத்தாளப்படும் அளவு. பெரிய, திறன்மிக்க இயந்திரங்களுக்கு 1.35 யூனிட் என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. நம் பண்ணையில் 100 கன மீட்டரையும் நேரே இதற்குள் விட்டால் முதல் கணக்கில் நாளொன்றுக்கு 800 யூனிட், இரண்டாம் கணக்கில் 135 யூனிட் ஆகும். கிலோ பாசிக்கு 16 யூனிட் அல்லது 2.7 யூனிட். ஒரு கிலோ உலர் பாசியை எரித்தால் கிடைக்கும் வெப்பமே சுமார் 20 மெகாஜூல், அதாவது ஐந்தரை யூனிட்டுக்குச் சற்று மேல் என்பதை இதனருகில் வைத்துப் பார்த்தால், எரிபொருளுக்காகப் பாசி வளர்ப்பவர் நீர்த்த குளநீரை நேரே சென்ட்ரிஃபியூஜில் விடுவது எவ்வளவு பொருந்தாத செயல் என்பது விளங்கும். இயந்திரம் செய்யும் வேலையில் பெரும்பகுதி, பாசியே இல்லாத நீரைச் சுழற்றுவதுதான்.

படிகாரமும் அதன் உறவினர்களும்

குடிநீர் நிலையங்களில் செய்வதுபோல் அலுமினிய சல்ஃபேட் அல்லது ஃபெரிக் குளோரைடு சேர்த்தால் செல்களின் மின்னூட்டம் தணிந்து அவை திரள்திரளாகக் கூடிப் படிகின்றன. முதலீடு மிகக் குறைவு. ஒரு தொட்டியும் கலக்கியும் போதும். ஆனால் சேர்த்த உலோகம் எங்கும் போவதில்லை. லிட்டருக்கு 100 மில்லிகிராம் படிகாரம் போட்டால் ஏறத்தாழ 26 மில்லிகிராம் அலுமினிய ஹைட்ராக்சைடு உருவாகிப் பாசியோடு சேர்ந்தே படிகிறது. அரை கிராம் பாசிக்கு இது 5 விழுக்காடு கலப்படம். கால்நடைத் தீவனத்துக்கோ மனித உணவுக்கோ போகும் பாசியில் இதை ஏற்க முடியாது. திரும்ப வரும் நீரிலும் சல்ஃபேட்டோ குளோரைடோ சுற்றுக்குச் சுற்று ஏறிக்கொண்டே போகும்.

இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் இந்தக் குறையற்றது. நன்னீரில் நன்றாகவே வேலை செய்கிறது. கடல்நீரின் உப்பில் அதன் சங்கிலி சுருண்டுகொள்வதால் அங்கே திறன் விழுந்துவிடுகிறது. நீரின் கார அளவை (pH) 10.5க்கு மேல் ஏற்றி, நீரிலேயே இருக்கும் மக்னீசியத்தை ஹைட்ராக்சைடாகப் படியவைத்துப் பாசியையும் சேர்த்து இழுத்துவரும் முறை இவற்றுள் எனக்குப் பிடித்தமானது. பிறகு அமிலம் விட்டால் மக்னீசியம் மீண்டும் கரைந்துவிடும். என்றாலும் குளத்துக்குத் திருப்பும் முன் நீரின் கார அளவை இறக்கியாக வேண்டும். நுண்காற்றுக் குமிழிகளால் பாசியை மேலே மிதக்கவைத்து வழிக்கும் முறை, கழிவுநீர்க் குளங்களில் வளரும் பாசிக்கு ஏற்றது. அதற்கும் பெரும்பாலும் திரட்டும் மருந்து வேண்டும் என்பதால் தனியாகப் பேச அதிகமில்லை.

சவ்வு என்ன செய்கிறது

நம் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்திலுள்ள மெம்பரேன் உப்பையே தடுப்பது. அதை இயக்கக் கடும் அழுத்தம் வேண்டும். பாசி அறுவடைக்கு அவ்வளவு நுண்மை தேவையில்லை. 0.1 மைக்ரான் அளவிலான துளைகள் உள்ள நுண்வடிகட்டிச் சவ்வோ, அதற்கு ஒருபடி கீழே உள்ள மீநுண்வடிகட்டிச் சவ்வோ போதும். இரண்டு மைக்ரான் செல் இந்தத் துளையில் நுழைய வழியே இல்லை. ஆகவே பாசி ஏறத்தாழ முழுவதுமாகப் பிடிபடுகிறது. குளத்திலிருந்து பச்சையாக உள்ளே போகும் நீர், மறுபுறம் கண்ணாடிபோல் தெளிந்து வருகிறது. பாக்டீரியாக்களில் பெரும்பாலானவையும், பாசியைத் தின்று குளத்தையே காலிசெய்யும் ரோட்டிஃபர், அமீபா போன்றவையும் இந்த வடிநீரில் வருவதில்லை. கரைந்த உரமோ அப்படியே திரும்புகிறது. நம் பண்ணையின் 100 கன மீட்டரைச் சவ்வு 5 கன மீட்டராகச் சுருக்கி, நாளொன்றுக்கு 95 கன மீட்டர் தூய வளர்ப்பு நீர் குளத்துக்குத் திரும்பும் என்றால், தண்ணீரை லாரியில் வாங்கும் ஊர்களில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

துளை பெரிதாக இருந்தால் நீர் வேகமாக வடியும் என்று எண்ணுவது இயல்பு. முதல் ஒரு மணி நேரத்துக்கு அது உண்மையும்கூட. பிறகு உடைந்த செல் துணுக்குகளும் பிசுபிசுப்பான சர்க்கரைச் சேர்மங்களும் அந்தப் பெரிய துளைகளுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். சிறு துளைச் சவ்வில் அவை மேற்பரப்பிலேயே நின்று, கழுவினால் போய்விடும். நீண்ட ஓட்டத்தில் சிறு துளையே நிதானமாக உழைப்பதைப் பெரும்பாலும் காண்கிறோம்.

இந்த அடைப்புதான் சவ்வு முறையின் ஆதாரப் பிரச்சினை. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, செல்கள் அடுக்கடுக்காகப் படிந்து உருவாகும் பச்சைப் படலம். இது கீழிருந்து விடும் காற்றுக் குமிழிகளுக்கும், வடிநீரையே சில நிமிடங்களுக்கு ஒருமுறை எதிர்த்திசையில் தள்ளும் பின்கழுவலுக்கும் அடங்கிவிடும். மற்றொன்று, பாசி வெளிவிடும் பல்சர்க்கரைகளும் புரதங்களும் சேர்ந்து ஒட்டும் வழவழப்பான மெல்லிய பூச்சு. பச்சைப் படலம் முழுவதும் போன பின்னும் விரலால் தொட்டால் வழுக்கும். அழுத்தமானியின் முள் கழுவிய பிறகும் பழைய இடத்துக்குத் திரும்பாமல் சற்று மேலேயே நின்றால், வேலை செய்வது இந்த இரண்டாவது எதிரி. இதற்குச் சோடியம் ஹைப்போகுளோரைட்டு, காரம், சிட்ரிக் அமிலம் என்று வேதிக் கழுவல்தான் வழி.

வளர்ச்சி நின்று முதிர்ந்த குளத்தில் இந்தப் பிசுபிசுப்பு மிகுதி. எண்ணெய்ச் சத்தைக் கூட்டுவதற்காக நைட்ரஜனைக் குறைத்துப் பாசியைப் பட்டினி போடுபவர்கள், சவ்வுக்கு மிகக் கடினமான நீரைத் தாங்களே தயாரிக்கிறார்கள். ஆகவே இளம் பாசியில் செய்த சோதனை முடிவை வைத்துக்கொண்டு, எண்ணெய் முதிர்ந்த பாசிக்குச் சவ்வு வாங்கக் கூடாது.

ஒரு சதுர மீட்டர் சவ்வு ஒரு மணி நேரத்தில் வடிக்கும் நீரின் அளவை வடிவேகம் என்போம். அதற்கு ஒரு வரம்பு உண்டு; அதற்குக் கீழே ஓட்டினால் அடைப்பு மிக மெதுவாகவே ஏறும், மேலே ஓட்டினால் விரைந்து ஏறும் என்ற கருத்தை 1995இல் ராபர்ட் ஃபீல்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். அறுவடைக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் வேறில்லை. வடிவேகத்தை 20 லிட்டரில் நிறுத்தி, நாளுக்கு 20 மணி நேரம் வடித்தால், நம் 95 கன மீட்டருக்கு ஏறத்தாழ 240 சதுர மீட்டர் சவ்வு வேண்டும். செலவைச் சுருக்க நினைத்து 120 சதுர மீட்டரோடு நிறுத்தி வேகத்தை இரட்டிப்பவர், மிச்சம்பிடித்த பணத்தை வேதிக் கழுவலிலும் சவ்வு மாற்றுவதிலும் விட்டுவிடக்கூடும்.

மூழ்கு சவ்வா, குறுக்கோட்டச் சவ்வா?

சவ்வு என்று முடிவெடுத்த பிறகும் தேர்வு முடிவதில்லை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் பழகிய மூழ்கு முறையில், உள்ளீடற்ற இழைகளையோ தட்டைத் தாள்களையோ தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு, மெல்லிய உறிஞ்சு விசையால் நீரை இழுக்கிறார்கள். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில் குளோரெல்லா வல்காரிஸையும் ஃபியோடாக்டைலம் என்ற கடல் டயட்டப் பாசியையும் இம்முறையில் முதற்கட்டமாகச் செறிவூட்டி, பிறகு சென்ட்ரிஃபியூஜில் 22 விழுக்காடு வரை கொண்டுசென்றால், ஒரு கன மீட்டருக்கு முறையே 0.84, 0.91 யூனிட் ஆகும் என்று கணக்கிட்டார்கள். நேரடிச் சென்ட்ரிஃபியூஜின் 8 யூனிட்டோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அந்த விகிதத்தில் நம் பண்ணையின் 800 யூனிட் 84க்கு இறங்கும்.

குறுக்கோட்ட முறையில் நீர் சவ்வின் மேற்பரப்பை உரசியபடி வேகமாக ஓடுகிறது. ஓட்டமே படலத்தைத் துடைத்துச் செல்கிறது. அதிகச் செறிவு வரை போகலாம், சிறிய இடத்தில் அடங்கும், முழுவதும் மூடியிருப்பதால் சுத்தமாகவும் இருக்கும். டெட்ராசெல்மிஸ் பாசியில் இம்முறையைச் சோதித்து 2009இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, 148 மடங்கு செறிவூட்ட ஒரு கன மீட்டருக்கு 2.06 யூனிட் செலவானதாகக் கூறுகிறது. ஒரே படியில் இவ்வளவு தூரம் போவது பெரிய சாதனைதான். ஆனால் நீரை மீண்டும் மீண்டும் சுற்றவிடும் பம்பு மின்சாரத்தைத் தின்கிறது, மென்மையான செல்களையும் அரைக்கிறது. இம்முறையைத் தேர்ந்தால் சாதாரண மையவிலக்குப் பம்பைத் தவிர்த்து, செல்லை நசுக்காத மென்பம்பு வாங்க வேண்டும். செல் உடைந்தால் உள்ளிருப்பது வெளியேறி மீண்டும் சவ்வையே அடைக்கும், நட்டம் இரட்டிப்பாகும்.

சவ்வு எதனால் ஆனது என்பதிலும் கவனம் வேண்டும். பி.வி.டி.எஃப். எனப்படும் பாலிமர் ஹைப்போகுளோரைட்டை நன்றாகத் தாங்கும், கடுங்காரத்தைத் தாங்காது. பி.இ.எஸ். காரத்தைத் தாங்கும், குளோரினில் விரைவில் தளரும். பணியாளர் கையில் எந்தக் கழுவல் மருந்து இருக்கிறதோ அதுதான் சவ்வின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. வாங்கும்போதே இதைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்வது நல்லது. அலுமினா, சிர்கோனியாவால் ஆன பீங்கான் சவ்வுகள் காரம், அமிலம், நீராவி மூன்றையும் தாங்கும். அவற்றின் விலை பல மடங்கு அதிகம் என்பதால் உணவுத் தரத்துக்கும் விலையுயர்ந்த நிறமிகளுக்கும் மட்டுமே நியாயப்படுத்த முடியும்.

எந்த இடத்தில் நிறுத்துவது?

பாசியின் செறிவு லிட்டருக்கு 10, 20 கிராமை எட்டும் வரை மூழ்கு சவ்வு எளிதாக உழைக்கிறது. அதற்கு மேல் பாசிநீர் கஞ்சிபோல் தடித்து, குமிழிகள் ஏறத் தயங்கி, ஒவ்வொரு கூடுதல் கிராமுக்கும் செலவு ஏறுகிறது. நம் பண்ணையில் 0.5 கிராமை 10 கிராமாக்கினாலே 100 கன மீட்டர் 5 கன மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. சென்ட்ரிஃபியூஜ் அந்த 5 கன மீட்டரை மட்டும் சுழற்றினால் போதும். 8 யூனிட் பிடிக்கும் பழைய இயந்திரமே இருந்தாலும் 40 யூனிட்தான். சென்ட்ரிஃபியூஜ் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதை விற்க வேண்டியதில்லை, அதற்கு முன்னால் சவ்வை வைத்தால் போதும் என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2016இல் வெளியிட்ட பாசிப் பண்ணை வடிவமைப்பு இன்னும் ஒரு படி போகிறது. முதலில் வெறும் படிவுத் தொட்டியில் 0.5 கிராமை 10 கிராமாக்கி, பிறகு உள்ளீடற்ற இழைச் சவ்வில் 130 கிராம் வரை ஏற்றி, கடைசியாகச் சென்ட்ரிஃபியூஜில் 200 கிராமுக்குக் கொண்டுவருகிறார்கள். காகிதத்தில் இதைவிடச் சிக்கனமான வரிசை இல்லை. சென்ட்ரிஃபியூஜுக்குப் போவது நம் அளவில் 400 லிட்டருக்கும் குறைவே. ஆனால் தானாகப் படியும் இனம் இருந்தால்தான் முதல் படி நடக்கும். நானோகுளோராப்சிஸ் வளர்ப்பவர் இந்த வரைபடத்தை அப்படியே நகலெடுத்தால் படிவுத் தொட்டி இன்னொரு குளமாகவே நிற்கும்.

பயனை வைத்துப் பார்த்தால், மரக்காணம், கடலூர்க் கடற்கரைகளிலுள்ள இறால் குஞ்சுப் பொரிப்பகங்களுக்குத் தேவைப்படுவது உயிருள்ள செல். அங்கே இரையாக வளர்க்கும் கீட்டோசெராஸ் பாசியின் நீண்ட முட்கள் சென்ட்ரிஃபியூஜில் ஒடிந்துவிடும். செல்லைக் கசக்காத குறைந்த அழுத்தச் சவ்வில் செறிவூட்டிய பாசியை அப்படியே தொட்டியில் ஊற்றலாம், இரண்டாம் படியே தேவையில்லை. சத்துணவுக்குக் குளோரெல்லா விற்பவருக்கு மூழ்கு சவ்வும் சிறிய சென்ட்ரிஃபியூஜும் சேர்ந்த அமைப்பு பொருந்தும். கழிவுநீரைத் தூய்மையாக்கும்போது துணைப்பொருளாகப் பாசி எடுத்து, எரிவாயுக் கலனில் இடுபவருக்குச் சவ்வு ஆடம்பரம். மலிவான திரட்டு மருந்தும் மிதப்புமே போதும். எரிபொருளுக்காக மட்டும் வளர்ப்பவருக்கு, தானாகப் படியும் இனத்தைத் தேடுவதே எந்தக் கருவியை வாங்குவதையும்விட முக்கியமான செலவு.

சவ்வைத் தேர்ந்தவர்கள் ஒப்பந்தத்துக்கு முன் தங்கள் குளத்து நீரிலேயே சோதனை ஓட்டம் கேட்க வேண்டும்; குழாய் நீரில் எடுத்த வடிவேகத்தை எவரும் தருவார்கள், அதனால் பயனில்லை. ஓட்டம் சில வாரங்களாவது நீள வேண்டும்; அதில் ஒருமுறையாவது முதிர்ந்த பாசி உள்ளே போக வேண்டும். தொடக்க வடிவேகத்தை அல்ல, மூன்றாவது வேதிக் கழுவலுக்குப் பிறகு மீளும் வடிவேகத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதோடு, வடிநீரைத் திருப்பிவிட்ட குளத்தையும் திருப்பிவிடாத குளத்தையும் அருகருகே வளர்த்துப் பார்ப்பது அவசியம்: சவ்வு செல்லைத் தடுத்தாலும் கரைந்த கரிமப் பொருள்களில் ஒரு பகுதியை விட்டுவிடுகிறது, அவை சுற்றுக்குச் சுற்று சேர்ந்து, சில இனங்களில் வளர்ச்சியையே மந்தமாக்கும். அந்த மந்தம் தென்படும் அளவைப் பொறுத்தே, எத்தனை சுற்றுக்கு ஒருமுறை எவ்வளவு நீரை வெளியேற்றிப் புதுநீர் சேர்ப்பது என்பதையும், அதற்குத் தனியாக ஒரு சேமிப்புத் தொட்டி வேண்டுமா என்பதையும் வரைபடத்தில் சேர்க்க முடியும்.